பிரளயத்தன்று பால் கறந்தவன்

"நீதான் நம்ப மாட்டியே மாப்ள, அப்ப நாளைக்கு இங்கனதான இருப்ப?" என்று சோணை கேட்டான்.

"பின்னே? உலகமும் எங்கயும் போகல, நானும் எங்கயும் போகல" என்றான் கருத்தக்கண்ணன், மீசையைத் தடவிக்கொண்டே.

"ரொம்ப நல்லதாப் போச்சு. என் எருமையைக் கொஞ்சம் பாத்துக்க. கன்னு செத்த எருமை. காலையில கறக்காட்டி மடி கட்டிக்கிரும்."

"நாளையோட உலகமே முடியுதுங்கிற. எருமைக்கு மடி கட்டுனா என்ன, கட்டாட்டி என்ன?"

சோணை கொஞ்சம் யோசித்தான். "முடிஞ்சா முடியட்டும் மாப்ள. முடியாட்டி எருமை வேணும்ல?"

இந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. கருத்தக்கண்ணன் சரி என்று தலையை ஆட்டிவிட்டான். அவன் செய்த முதல் தப்பு அதுதான்.

விளாங்குடியைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரம் உள்ளே தள்ளியிருந்தது அந்த ஊர். மொத்தம் பதினேழு வீடு. வெள்ளைக்காரன் சீமையில் சண்டை தொடங்கி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படவில்லை. கவலையெல்லாம் மறுநாள் வரப்போகும் பங்குனி அமாவாசையைப் பற்றித்தான். அன்றைக்கு உலகம் அழியும் என்று சாமிப் பெட்டியில் இருந்த ஏடு சொல்லிவிட்டது.

அந்த ஊர்ப் பங்காளிகளுக்குச் சாமி என்றால் ஒரு பழைய மரப்பெட்டி. பூசாரி பேயாண்டி வீட்டு உள்ளறையில் இருக்கும். மாசிச் சிவராத்திரிக்கு மட்டும் அதைத் தலையில் சுமந்துபோய்த் திறப்பார்கள். உள்ளே ஒரு வாள், ஒரு ஜோடிச் சலங்கை, மஞ்சள் துணியில் சுற்றிய நாலு பனையோலை. வாளுக்குச் சந்தனம் பூசி, சலங்கைக்குப் பூ வைத்து, ஓலைக்குக் கற்பூரம் காட்டி, மறுநாள் காலையில் பழையபடி மூடிவிடுவார்கள். ஓலையில் என்ன எழுதியிருக்கிறது என்று எந்தத் தலைமுறையும் கேட்டதில்லை.

இந்த வருஷம் மூடப்போகிற நேரத்தில், "அதுல என்னதான் எழுதியிருக்குன்னு படிச்சுச் சொன்னா நாங்களும் தெரிஞ்சுக்குவம்ல" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. குரலுக்குச் சொந்தக்காரி கருத்தக்கண்ணனின் மனைவி பாண்டியம்மாள்.

பேயாண்டிக்கு எழுத்து வாசனை கிடையாது. கண்ணிலும் பூ விழுந்திருந்தது. ஆனால் அவன் மனைவி தங்கப்பொண்ணு, திருவாதவூரில் ஏட்டுப் பள்ளிக்கூடம் நடத்தியவரின் மகள். பழைய ஓலை எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த ஊரில் அவள்தான். அவள் ஓலையை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகப் படித்தாள். பேயாண்டி அதை உரத்த குரலில் திருப்பிச் சொன்னான்.

பங்குனி அமாவாசையன்று வைகை இருகரையும் புரண்டு மண்ணுலகை மூடும். ஊரில் தாலி அணிந்த பெண்டுகள் ஒருத்தி குறையாமல் அன்று பொழுது விடிந்தது முதல் பொழுது அடையும்வரை வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படியில் அமர்ந்திருந்தால் வெள்ளம் அடங்கும். அன்றைக்கு அவர்கள் கையில் அடுப்பும் உலக்கையும் தண்ணீர்க் குடமும் படக் கூடாது.

கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கருத்தக்கண்ணனுக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

"பங்குனி மாசம் வைகையில காக்கா குளிக்கக்கூடத் தண்ணி இருக்காது" என்றான் அவன். "அப்படியே வந்தாலும், வெள்ளம் வருதுன்னா மேட்டைப் பாத்து ஓடுவாகளா, குளத்துல போய் உக்காருவாகளா?"

"ஏட்டுல அப்படித்தாண்ணே இருக்கு" என்றாள் தங்கப்பொண்ணு.

"அது கெடக்கட்டும். வெள்ளத்துக்கும் உலக்கைக்கும் என்ன சம்பந்தம்?"

"ஏட்டுல அப்படித்தாண்ணே இருக்கு."

கருத்தக்கண்ணனின் அவநம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. அவனுக்குப் பத்து வயதில் வானத்தில் வால் நட்சத்திரம் முளைத்தது. இதோடு உலகம் முடிந்தது என்று எவனோ சொன்னதைக் கேட்டு, அவன் அப்பா இருந்த ஏழு ஆட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்து ஊருக்கே விருந்து வைத்தார். நட்சத்திரம் அதுபாட்டுக்கு வந்தது, அதுபாட்டுக்குப் போனது. ஆடுகள்தான் திரும்பி வரவில்லை. அடுத்த இரண்டு வருஷம் அந்த வீட்டில் கூழுக்குத் தொட்டுக்கொள்ளக்கூட ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தில் அவனுக்குத் தீர்மானமான அபிப்பிராயங்கள் உண்டு. உலகம் என்றைக்கு முடியும் என்று சொல்லத் தெரிந்த எந்த ஏட்டுக்கும் அடுத்த வாரம் மழை வருமா என்று சொல்லத் தெரியவில்லை. உலகம் அழியும் என்று எழுதின ஓலையைத்தான் கரையான் முதலில் அழிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதினவன் அதை நிஜமாகவே நம்பியிருந்தால் ஓலையைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டுவானா? யார் வந்து படிப்பதற்கு?

இதில் அவனுக்கு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. வேலி அடைக்கச் சொன்னாலும், கூரைக்குக் கீற்று மாற்றச் சொன்னாலும், தை மாதம் தெப்பத் திருவிழாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னாலும், அம்மி கொத்த ஆள் கூப்பிடச் சொன்னாலும் அவனிடம் ஒரே பதில்தான். "செய்யாட்டி உலகமா அழிஞ்சு போயிரும்?"

அமாவாசைக்கு முந்திய சாயங்காலம் சோணை எருமையை ஒப்படைத்துவிட்டுப் போன செய்தி பரவியது. விருமாண்டி வந்தான்.

"அண்ணே, எங்க பசுவையும் ஒரு கை பாத்துக்கங்க."

"தெப்பக்குளத்துல உக்காரப் போறது பொம்பளைகதான. நீ எதுக்குப் போற?"

"அவளைப் பத்திரமா உக்கார வச்சுட்டு நான் இங்கன கெடந்து, தண்ணி வந்து என்னைய மட்டும் கொண்டுபோயிருச்சுன்னா? கூட இருந்தா கூடப் பிழைச்சுக்கலாம்ல?"

மற்ற ஆண்களும் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். பதினாறு வீடும் பிள்ளை குட்டிகளோடு வண்டி கட்டுகிறது என்று ஆயிற்று. பதினாறு வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து, உலகம் அழியாமல் போனால் தேவைப்படும் சாமான்களை அவனிடம் ஒப்படைத்தார்கள். ஒருவருக்கு அடைகாக்கும் கோழி. ஒருவருக்குக் கன்று போட்ட மாடு. இன்னொருவர் வீட்டில் அவித்த நெல் ஈரத்தோடு கிடந்தது. நாளைக்கு வெயிலில் போட்டுக் கிளறாவிட்டால் நாறிப்போகும். எல்லோருக்கும் குடிதண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும்.

"இம்புட்டு நம்பிக்கை இருக்குறவுக எதுக்குப் போறீக?" என்று கருத்தக்கண்ணன் கடைசியில் கேட்டே விட்டான்.

"உன் மேல நம்பிக்கைப்பா" என்றார்கள்.

அதைக் கேட்டு அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. எதுவுமே நம்பாதவனைத்தான் ஊரே நம்புகிறது என்று பாண்டியம்மாளிடம் பெருமையாகச் சொன்னான். அவள் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். பெரிய அண்டா. பிரளயத்துக்குப் போகிறவள் மாதிரியே இல்லை.

"நான் போயிட்டு வாரேங்க" என்றாள், விடிய ஒரு சாமம் இருக்கும்போதே. "ஒருத்தி குறைஞ்சாலும் பலிக்காதாம். ஊர்ப் பொல்லாப்பு நமக்கு எதுக்கு?"

"போ, போ. நீ போகாட்டி உலகமா அழிஞ்சு போயிரும்?" என்று வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் தொழுவத்துக்குப் போய்ச் செவலைப் பசுவின் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் செவலைதான் அவளுக்கு எல்லாம். தாய் வீட்டிலிருந்து அவள் கன்றாகக் கூட்டி வந்தது. இப்போது நிறைசினை. "இது ஒண்ணை மட்டும் பாத்துக்கங்க. இதுக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன்."

"உனக்கு முன்னாடி எனக்கு மாடு தெரியும். போயிட்டு வா."

எல்லோரும் வண்டியில் ஏறின பிறகு தங்கப்பொண்ணு மட்டும் இறங்கி ஓடி வந்தாள். கையில் ஒரு ஓலைக் கொட்டான், உள்ளே ஓமமும் இஞ்சியும் மிளகும் பெருங்காயமும். "இதை வச்சுக்கங்கண்ணே. எங்க வீட்டுக் கெடேரிக் கன்னு கண்டதையும் திங்கும். மாட்டுக்கு வயிறு ஊதுச்சுன்னா, ஓமம் ஒரு பிடி, இஞ்சி விரலளவு இரண்டு, மிளகு முப்பது, பெருங்காயம் புளியங்கொட்டை அளவு, அம்மியில் அரைத்து நல்லெண்ணெயில் குழைத்து மூங்கில் குழாயால் புகட்டி, வேப்பங்குச்சியை வாயில் குறுக்கே கட்டி நிற்கவிடாமல் நடத்தவும்."

"என்னத்தா, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிற?"

"மறந்துறாதீகண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். வண்டிகள் வரிசையாகக் கிளம்பின. கடைசி வண்டியிலிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் வெகுதூரம் கேட்டது. சாவுக்குப் பயந்தவர்கள் இப்படியும் சிரிப்பார்களோ என்று கருத்தக்கண்ணன் நினைத்தான். கொட்டானை விட்டத்தில் மாட்டினான். துண்டை உதறித் தலையில் கட்டினான். ஒரு நாள் வேலைதானே.

விடிந்ததும் சோணையின் எருமை அவனை ஏறிட்டுப் பார்த்தது. அவன் செம்போடு குனிந்தான். எருமை செம்பை ஒரு பக்கமும் அவனை ஒரு பக்கமும் தள்ளிவிட்டது.

அந்த ஊரில் பால் கறப்பது பெண்கள் வேலை. எருமைக்குத் தெரிந்த வாசனை சோணை மனைவி முருகம்மாளின் வாசனை. தடவிப் பார்த்தான், தட்டிக் கொடுத்தான், தவிட்டைக் காட்டினான். நாலாவது உதைக்குப் பிறகு, கொடியில் உலர்ந்த முருகம்மாளின் பழைய சேலை கண்ணில் பட்டது. சுற்றுமுற்றும் பார்த்தான். ஊரே காலி. எடுத்து வேட்டிக்கு மேலே சுற்றி, தலைப்பைத் தலைக்குக் கொண்டுவந்தான். எருமை முகர்ந்து பார்த்தது. பெருமூச்சு விட்டது. பாலைச் சுரந்தது.

புத்தி இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்று மகிழ்ந்துபோய் விருமாண்டியின் பசுவிடம் போனான். அது முருகம்மாளின் சேலையை முகர்ந்துவிட்டு உதைத்தது. அதற்கு விருமாண்டி மனைவி ஒச்சாயியின் சேலை வேண்டும். ஒன்றை அவிழ்த்து ஒன்றைக் கட்டினால் பொழுது போய்விடும் என்று மேலுக்கு மேலே சுற்றிக்கொண்டான். நாலாவது வீட்டை அடைந்தபோது அவன் நாலு சேலைக்குள் இருந்தான், நடை குறுகிப்போயிருந்தது. வெயில் ஏறிவிட்டது.

கிணற்றடியில் தொட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"தாயி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

கருத்தக்கண்ணன் திரும்பினான். சமயநல்லூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த சின்னான் என்ற வழிப்போக்கன், மூட்டையும் கையுமாக நின்றான். அவன் பார்வை முக்காட்டிலிருந்து மீசைக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"இந்தா, குடி" என்றது மீசை.

"ஊர்ல ஆளுக எங்க?"

"இன்னைக்கு உலகம் அழியுதாம். எல்லாரும் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போயிட்டாக."

"நீங்க போகலையா..." சின்னான் அண்ணே என்பதா அக்கா என்பதா என்று தெரியாமல் அத்தோடு நிறுத்தினான்.

"நான் அதையெல்லாம் நம்புறதில்ல."

சின்னான் தண்ணீர் குடிக்காமலே இரண்டு எட்டு பின்னால் வைத்தான். "கலி முத்திருச்சு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, மதுரைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனான்.

அவனைப் பற்றிக் கவலைப்படக் கருத்தக்கண்ணனுக்கு நேரமில்லை. அவித்த நெல்லைச் சுமந்து வந்து களத்தில் பரப்பினான். பரப்பி நிமிர்வதற்குள் பதினேழு வீட்டுக் கோழிகளும் விருந்துக்கு வந்துவிட்டன. ஒரு பக்கம் விரட்டினால் மறு பக்கம் வந்தன. எல்லாவற்றையும் பிடித்து எங்கேயாவது அடைத்தால்தான் ஆகும் என்று தோன்றியது. கதவுள்ள தொழுவம் அவன் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அங்கே செவலை நின்றது. செவலையை வெளியே கொண்டுவந்து, களத்தோரம் வேப்பமரத்தில் கட்டினான். பிறகு கோழிகளை ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்து உள்ளே போட்டான். நாலு சேலையோடு கோழி பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும்.

கடைசிச் சேவலை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தும்போது உச்சிப் பொழுது. பெருமூச்சு விட்டுத் திரும்பினால், செவலை கட்டிய இடத்தில் இல்லை. களத்தின் நடுவில் நின்று அவித்த நெல்லை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. கால்வாசி களம் வெறுந்தரையாக இருந்தது. அவன் போட்ட முடிச்சு அவனைப் போலவே அவசரக்கார முடிச்சு.

"நீயும் பசியாத்தான இருந்திருப்ப" என்று அவனே சமாதானம் சொல்லி, அதை மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓட்டிப் போனான். அது வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. நல்லாக் குடிக்குது என்று சந்தோஷப்பட்டான். அவன் அன்றைக்குச் செய்த தப்புகளில் பெரியது அதுதான்.

அரை நாழிகை கழியவில்லை. செவலையின் இடது பக்கம் பானை மாதிரி எழும்பியது. அது படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. வாயில் நுரை தள்ளியது. தட்டிப் பார்த்தான். உறுமி மேளத்தில் தட்டின மாதிரிச் சத்தம் வந்தது.

கருத்தக்கண்ணனுக்குக் கை கால் ஓடவில்லை. வைத்தியம் தெரிந்தவர்கள், கூடப் பிடிக்க ஆட்கள், எல்லோரும் தெப்பக்குளத்தில் உட்கார்ந்து உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். உனக்கு முன்னாடி எனக்கு மாடு தெரியும் என்று அவளிடம் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. இந்தப் பசு போனால் அவள் ஒரு வார்த்தை திட்ட மாட்டாள். மெதுவாக முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மூலையில் உட்காருவாள். அதைப் பார்ப்பதைவிட வைகை வந்து தன்னைக் கொண்டுபோனாலும் தேவலை என்று இருந்தது.

கால்கள் அவனைப் பேயாண்டி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போயின. பெட்டிக்கு முன்னால் நின்று, வாழ்நாளில் முதல் முறையாகக் கையைக் கூப்பினான்.

"சாமி, உன் ஏட்டை நான் கிண்டல் பண்ணுனது நிசம்தான். உலகம் வேணும்னா அழியட்டும். செவலையை மட்டும் விட்டுரு."

பெட்டி பேசாமல் இருந்தது. ஆனால் அதைப் பார்த்ததும் ஏடு ஞாபகம் வந்தது. ஏட்டைப் படித்த தங்கப்பொண்ணு ஞாபகம் வந்தாள். வாய்ப்பாடு மாதிரி அவள் ஒப்பித்தது வரிவரியாகக் காதில் கேட்டது. அடுத்த நிமிஷம் அவன் வீட்டு விட்டத்திலிருந்து கொட்டானைப் பறித்துக்கொண்டு அம்மியில் உட்கார்ந்திருந்தான்.

அம்மியில் அரைப்பது பார்ப்பதற்குத்தான் சுலபம். குழவி ஒரு பக்கம் போனது, இஞ்சி ஒரு பக்கம் போனது. இரண்டு விரல் நசுங்கின. அம்மி கொத்திப் பல வருஷமாகி வழுக்கலாகக் கிடந்தது. இந்த வழுக்குக் கல்லில்தான் தினம் மூன்று வேளைக்கும் அவள் அரைக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எப்படியோ அரைத்து, எண்ணெயில் குழைத்து, பசுவின் தலையைத் தோளில் தாங்கி மூங்கில் குழாயால் புகட்டினான். வேப்பங்குச்சியை வாயில் குறுக்கே கட்டினான். அது குச்சியை மெல்லும்போதெல்லாம் எச்சில் ஒழுகியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்ற ஆரம்பித்தான்.

முதல் சுற்றில் அது நடக்க மறுத்தது. இரண்டாவது சுற்றில் தள்ளாடியது. அவன் பேசிக்கொண்டே நடந்தான். கூரைக்குக் கீற்று மாற்றுகிறேன் என்றான். வேலி அடைக்கிறேன் என்றான். அம்மி கொத்த நாளைக்கே ஆள் கூப்பிடுகிறேன் என்றான். ஐந்தாவது சுற்றில் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் வெறுமனே அழுதான்.

ஏழாவது சுற்றில், சோணை வீட்டு வாசலில், செவலை நின்று கழுத்தை நீட்டி ஒரு ஏப்பம் விட்டது. நீளமான ஏப்பம். பின்னாலேயே இன்னொன்று. அதற்கப்புறம் சாணி போட்டது. கருத்தக்கண்ணன் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான். எழும்பி நின்ற பக்கம் மெதுவாக அமர்ந்தது. அதற்குள்ளே கன்று ஒரு உதை உதைத்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். யாருக்கு நன்றி சொல்வது என்று முதலில் தெரியவில்லை. தங்கப்பொண்ணுக்குச் சொன்னான், பசுவுக்குச் சொன்னான், எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டி இருந்த பக்கமும் ஒரு கும்பிடு போட்டான். கடைசியில் பாண்டியம்மாளை நினைத்தான். கோழி, மாடு, நெல், தண்ணீர், அம்மி. ஒரு நாளில் அவன் செத்துப் பிழைத்த இந்த வேலையெல்லாம் பதினைந்து வருஷமாகச் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. அவன் வீடு அழியாமல் இருப்பது தானாக இல்லை என்று தெரிந்ததும், அவளை உடனே பார்க்க வேண்டும் போல இருந்தது.

இருட்டி வெகுநேரம் கழித்து, லாந்தர் வெளிச்சத்தில் வண்டிகள் திரும்பின. பெண்கள் தலை நிறைய மல்லிகை, கை நிறையப் புது வளையல். பாண்டியம்மாள் இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கினாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போனபோது கதவிடுக்கில் பார்த்த அதே சிரிப்பு. அதற்குப் பிறகு அதை அவன் பார்த்ததாக நினைவில்லை.

"தப்பிச்சோம் மாப்ள" என்று சோணை மூச்சிரைக்க வந்தான். "சாயங்காலம் ஒரு ஆளு ஓடியாந்து சொன்னான். விளாங்குடிப் பக்கம் மீசை வச்ச பொம்பளை ஒருத்தி நாலு சேலையைக் கட்டிக்கிட்டுத் தண்ணி இறைக்கிறாளாம். கலி முடியப்போகுதுங்கிறதுக்கு அதுதான் அடையாளமாம். நாங்க வெலவெலத்துப் போனோம். ஆனா இவளுக அசையாம உக்காந்திருந்தாளுக பாரு, அதான் தண்ணி அடங்கிருச்சு."

சொல்லிக்கொண்டே வந்தவன் பார்வை கருத்தக்கண்ணனின் இடுப்பில் நின்றது. மூன்று சேலையை அவன் அவிழ்த்துவிட்டிருந்தான். அவசரத்தில் அடியில் இருந்த ஒன்று மறந்துபோயிருந்தது.

"மாப்ள, இது எங்க வீட்டுச் சேலைல்ல?"

"உன் எருமையைப் போய்க் கேளு. பால் செம்புல இருக்கு."

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு முருகம்மாள் கண்ணீர் வரச் சிரித்தாள்.

"இப்பவாச்சும் ஏட்டை நம்புறீகளா?" என்றான் விருமாண்டி.

வழக்கமாக இந்த இடத்தில் கருத்தக்கண்ணன் வால் நட்சத்திரத்தில் ஆரம்பிப்பான். அன்றைக்கு அவன் சோணையையும் பார்க்கவில்லை, விருமாண்டியையும் பார்க்கவில்லை. பாண்டியம்மாளைத்தான் பார்த்தான்.

"ஏட்டைப் பத்தி எனக்குத் தெரியாது. பொம்பளைக ஒரு நாள் அடுப்பை விட்டு எந்திரிச்சா உலகம் அழியும்ங்கிறது நிசம்தான். நான் கண்ணால பாத்துட்டேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ நல்லா இருக்கணும் பாண்டி. இத்தன வருசமா நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றான்.

அவள் அவனுடைய நசுங்கின விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். நடந்ததை எல்லாம் அவன் ஒளிக்காமல் சொன்னான். அவள் ஓடிப்போய்ச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அது நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் பேயாண்டி மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கருத்தக்கண்ணன் தங்கப்பொண்ணிடம் போய்க் கை கூப்பினான்.

"தங்கச்சி, நீ சொல்லிட்டுப் போன வைத்தியம்தான் செவலையைக் காப்பாத்துச்சு. இந்த உதவியை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். இம்புட்டுத் துல்லியமா யாருகிட்டக் கத்துக்கிட்ட, உங்க அப்பாகிட்டயா?"

தங்கப்பொண்ணு பாண்டியம்மாளைப் பார்த்தாள். பாண்டியம்மாள் சட்டென்று குனிந்து பசுவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். புது வளையல்கள் மட்டும் குலுங்கின.

"சாமிப் பெட்டி ஏட்டுலதாண்ணே இருக்கு" என்றாள் தங்கப்பொண்ணு, புருஷனுக்குக் கேட்காத குரலில். "அந்த நாலு ஓலையிலயும் அது ஒண்ணுதாண்ணே எழுதியிருக்கு."